உங்களுக்குத் தெரியுமா? கூட்டத்தில் நின்ற குதிரைக்குப் பெயர் வைத்த ரசிகர்கள்

சிறுமிகளை மனதில் வைத்து எடுத்த பொம்மைக் கார்ட்டூன் 'மை லிட்டில் போனி: ஃபிரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்'. லாரன் ஃபாஸ்ட் உருவாக்கிய இந்தத் தொடர் 2010 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் 'ஹப்' சேனலில் தொடங்கியது. ஆனால் கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகும் ஆண்கள் என்று ஒரு படையே ரசிகர்களாகத் திரண்டது. தங்களைப் 'பிரோனி' என்று அழைத்துக்கொண்டார்கள். கேலி நிறையவே வந்தது, அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை.

*

முஷ்டியோடு முஷ்டி முட்டுவதுதான் இவர்களின் வணக்கம். பெயர் 'பிரோஹூஃப்'.

*

தொடரில் வரும் குதிரைகளின் பின்தொடையில் ஒரு சின்னம் இருக்கும். பிறவியிலேயே வருவதல்ல, தன் தனித்திறமை எது என்று குட்டி கண்டுகொள்ளும் நாளில் தோன்றுவது. ரசிகர்களும் ஆளுக்கொரு குதிரையை வரைந்து, நிறம், பிடரிமயிர், சின்னம் எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்வார்கள். தன் திறமை என்ன என்று ஒருவர் யோசித்துப் பார்க்க இதைவிட இனிய வழி எனக்குத் தெரியவில்லை.

*

முதல் எபிசோடில், கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் குதிரை. கண்கள் ஆளுக்கொரு திசையில் பார்க்கின்றன. கண்ணிமைக்கும் நேரம்தான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்த ரசிகர்கள் அவளுக்கு 'டெர்பி' என்று பெயர் சூட்டினார்கள். தயாரிப்புக் குழுவும் மகிழ்ந்து, அடுத்தடுத்த எபிசோடுகளில் அவளை ஆங்காங்கே நுழைத்தது. 2012 ஜனவரியில் வசனத்திலேயே அந்தப் பெயர் ஒலித்தது. அந்தப் பெயரும் குரலும் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்கின்றன என்று எதிர்ப்பு வர, பெயரை நீக்கிக் குரலையும் மாற்றினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் ரசிகர்கள் அவளைக் கேலிக்காக நேசிக்கவில்லை.

2015-ல் வந்த 100ஆவது எபிசோடில் நாயகிகள் ஆறு பேரும் ஓரமாக ஒரு ராட்சசனோடு மல்லுக்கட்ட, கதை முழுவதும் கூட்டத்தில் நின்ற குதிரைகளுக்கே போனது. கல்யாணப் பத்திரிகையில் தேதி தவறாக அச்சாகி ஊரே அல்லோலகல்லோலப்படும். காரணம் நம் டெர்பிதான்!

*

2011-ல் நியூயார்க்கில் சுமார் 100 பேர் கூடிய 'பிரோனிகான்' மாநாட்டுக்கு 2015-ல் பால்டிமோரில் வந்தவர்கள் 10,000-க்கும் மேல். தொடர் முடிந்த 2019-லேயே மாநாடும் விடைபெற்றது.

*

ரசிகர்கள் சிலர் இந்தக் குதிரைகளை வைத்து ஒரு சண்டை வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். 2013-ல் தொடரின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ அதை நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதம் அனுப்பியது. உழைப்பு வீணாகிவிடக் கூடாதே என்று லாரன் ஃபாஸ்ட் தாமே புதிய பாத்திரங்களை வரைந்து கொடுத்தார். 2020-ல் முழுமையாக வெளிவந்த 'தெம்ஸ் ஃபைட்டின் ஹெர்ட்ஸ்' அதுதான். அதில் கன்றுக்குட்டியும் ஆட்டுக்குட்டியும் அல்பாக்காவும் மோதிக்கொள்கின்றன.