கத்தி எட்டாத கொழுப்பு

தொப்பை என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் இருவேறு கொழுப்புகளின் கூட்டு. தோலுக்கும் வயிற்றுத் தசைச்சுவருக்கும் இடையில், விரல்களால் கிள்ளிப் பிடிக்கக்கூடியதாக இருப்பது தோலடிக் கொழுப்பு. தசைச்சுவருக்கு உள்ளே, குடலைத் தாங்கும் மடிப்புகளிலும், குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் வபை என்னும் சவ்விலும் படிந்து உறுப்புகளைச் சூழ்ந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. கிள்ளினால் கையில் அகப்படாமல் பானையைப் போல விறைத்து நிற்கும் வயிற்றில் பெரும்பாலும் இரண்டாவது வகையே மிகுந்திருக்கும் என்றாலும், அதன் அளவைத் துல்லியமாகக் காட்டுவது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படமே.

உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் வேக் 1947ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். வபையிலிருந்தும் குடல் மடிப்புகளிலிருந்தும் திரும்பும் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்வதால், அங்குள்ள கொழுப்பு உயிரணுக்கள் வெளிவிடும் கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் முதலில் கல்லீரலையே சென்றடைகின்றன; இன்சுலினின் கட்டளைக்குக் கல்லீரல் சரிவர இணங்காமல் போவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஜப்பானிய சுமோ மல்லர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, அத்தனை பெரிய வயிற்றிலும் கொழுப்பின் பெரும்பகுதி தோலுக்கு அடியிலேயே இருந்ததும், கடும்பயிற்சியில் இருக்கும் காலத்தில் அவர்களுடைய இரத்தச் சர்க்கரை பெரும்பாலும் இயல்பாகவே இருந்ததும், இடத்தின் முக்கியத்துவத்தை விளங்கவைத்த சான்றுகள்.

அழகு அறுவை மருத்துவம் தொடுவதோ, தீங்கு குறைந்த அந்த வெளி அடுக்கை மட்டுமே. 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் உருவான லிப்போசக்‌ஷன் முறையில், தோலில் சிறு துளையிட்டு, கானுலா என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்படுகிறது. குடலும் இரத்தக் குழாய்களும் பின்னிக் கிடக்கும் உள்ளறையில் இக்குழாயைச் செலுத்த வழியில்லை. தசைச்சுவரைத் துளைத்துவிட்டால் அதுவே உயிருக்கு ஆபத்தான விபத்தாகிவிடும். வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் அறுவையும், மகப்பேற்றுக்குப்பின் விலகிய தசைகளை ஒன்றுசேர்த்துத் தைப்பதில் பயன்தருமே தவிர, உள்ளிருந்து தள்ளும் கொழுப்பைத் தொடுவதில்லை.

இந்த வரம்பைத் தெளிவாக அளந்து காட்டியது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு. உடல்பருமன் கொண்ட 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டு, 10 முதல் 12 வாரங்களுக்குப் பிறகு அளந்து பார்த்தபோது, இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனிலோ, இரத்த அழுத்தத்திலோ, இரத்தக் கொழுப்பிலோ, அழற்சிக் குறியீடுகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதே அளவு கொழுப்பை உணவைக் குறைத்து இழந்திருந்தால் இவற்றில் பலவும் மேம்பட்டிருக்கும். ஏனெனில் உணவுக் குறைப்பு உள்ளும் புறமும் உள்ள உயிரணுக்களைச் சுருக்குகிறது, கானுலாவோ வெளியிலுள்ள உயிரணுக்களில் சிலவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை உப்பியபடியே விட்டுவிடுகிறது. விளம்பரங்களில் முன்னும் பின்னுமாக அச்சிடப்படும் இரு படங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவற்றில் கல்லீரல் தெரிவதில்லை.

அப்படியானால் வபையையே வெட்டி எடுத்துவிடலாமே என்ற கேள்வி எழாமல் இல்லை. சுவீடனில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஒரு சோதனை இதற்கு நம்பிக்கையூட்டினாலும், பின்னர் கிளைன் குழுவினர் வபையை நீக்கிப் பார்த்தபோது இன்சுலின் தொடர்பான பயன் எதுவும் கிட்டவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவையால் உள்ளுறுப்புக் கொழுப்பு குறைவது உண்மைதான். ஆனால் அது அழகுக்கான அறுவை அன்று, உண்ணும் அளவையும் பசியையும் மாற்றி எடையைக் குறைக்கும் சிகிச்சை.

எட்டாத இடத்தில் இருந்தாலும் இக்கொழுப்பு பிடிவாதமானது அன்று. உடல் உழைக்கும்போது சுரக்கும் அட்ரினலின் போன்ற பொருள்களுக்குத் தோலடிக் கொழுப்பைவிட எளிதில் கரைந்துகொடுப்பதால், வேகநடையும் ஓட்டமும் எடைக்கருவியின் முள்ளை அசைக்காதபோதுகூட இதைக் குறைக்கக்கூடும். வயிற்றுத் தசைகளை மட்டும் மடக்கி நிமிர்த்தும் பயிற்சியால் தசை வலுப்பெறுமே அன்றி, அவ்விடத்துக் கொழுப்பு தனியே கரைவதில்லை. தெற்காசியர்களுக்கு ஒல்லியான உடலிலும் உள்ளுறுப்புக் கொழுப்பு சேரும் இயல்பு மிகுதி என்பதால், அவர்களுக்கான இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கைக் கோடு ஆண்களுக்கு 90 செ.மீ. எனவும் பெண்களுக்கு 80 செ.மீ. எனவும் தாழ்த்தி வகுக்கப்பட்டுள்ளது.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைக்குப் பின் இந்த உள்ளுறுப்புக் கொழுப்புக்கு நிகழ்வதைப் பிரேசிலில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. இயல்பான எடையுள்ள பெண்களுக்கு வயிற்றில் சிறு அளவு லிப்போசக்‌ஷன் செய்து, ஒரு பகுதியினரை உடற்பயிற்சியில் ஈடுபடுத்தி, மற்றவர்களை அப்படியே விட்டபோது, பயிற்சி செய்யாதவர்களின் உள்ளுறுப்புக் கொழுப்பு ஆறு மாதங்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியது; பயிற்சி செய்தவர்களிடம் அது கூடவில்லை.