கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கற்றுக்கொடுப்பவர்கள்

வணிகர்களாகிய நாம் ஆளின் நேரத்துக்கு விலை வைத்துப் பழகியவர்கள். சுமை தூக்குபவருக்கு மூட்டைக் கணக்கு, எடை போடுபவருக்கு நாள் கணக்கு, கணக்கப்பிள்ளைக்கு மாதக் கணக்கு. அப்படியிருக்க, பகலெல்லாம் தம் வேலையைப் பார்த்துவிட்டு, மாலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஊரார் பிள்ளைகளோடு இரவு ஒன்பது மணி வரை நின்று, ஒரு காசும் வாங்காமல் வீடு திரும்பும் பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று சொன்னால், "இதில் அவர்களுக்கு என்ன வரவு?" என்றுதான் முதலில் கேட்போம். கேட்பதில் தவறில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ரோபோ செய்து போட்டியிடுகிறார்களே, அந்த அணிகளுக்குத் துணை நிற்கும் பெரியவர்களைத்தான் சொல்கிறோம். 'மென்ட்டர்' என்பது அங்கே அவர்களுக்குப் பெயர். நாம் வழிகாட்டி என்று வைத்துக்கொள்வோம்.

டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நோயாளி உடலில் மாட்டிக்கொண்டே நடமாடக்கூடிய மருந்து செலுத்தும் பம்பு, 2001இல் வெளிவந்த 'செக்வே' என்ற இருசக்கர வண்டி ஆகியவை அவருடைய கண்டுபிடிப்புகள். விளையாட்டு வீரர்களையும் சினிமா நட்சத்திரங்களையும் கொண்டாடும் பிள்ளைகளுக்கு ஒரு பொறியாளரை நேரில் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் அவருக்குத் தோள் கொடுத்தார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. இன்று பல நாடுகளிலுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. இறுதிப் போட்டி ஹூஸ்டன் நகரில் நடக்கிறது.

போட்டி நடக்கும் விதம் நமக்குப் பிடிக்கும். ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த ஆண்டுக்கான விளையாட்டு என்ன என்பதை எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கிறார்கள். பந்தை எடுத்துக் கூடையில் எறியவேண்டும், கம்பத்தைப் பிடித்துத் தொங்கவேண்டும் என்று ஆண்டுக்கொரு விளையாட்டு. போன ஆண்டு செய்த ரோபோ இந்த ஆண்டுக்கு உதவாது. பேட்டரி நீங்கலாக 50 கிலோவைத் தாண்டும் ஒரு யந்திரத்தைச் சில வாரங்களில் வரைந்து, அறுத்து, துளையிட்டு, கம்பி இணைத்து, கம்ப்யூட்டரில் கட்டளை எழுதி ஓடவிடவேண்டும். 2019 வரை ஆறு வாரம் முடிந்த அன்று ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் போட்ட பூட்டால் சீல் வைத்துவிட வேண்டும் என்பது விதி. நாம் மூட்டைக்கு முத்திரை வைப்பது போலத்தான். 2020 பருவத்திலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். வழிகாட்டிகளில் சிலர் அதைப் பாராட்டினார்கள். வேறு சிலரோ, ஆறு வாரத்தோடு முடிந்த வேலை இப்போது போட்டி நாள் வரை நீள்கிறது, வீட்டில் முகம் காட்ட முடியவில்லை என்றார்கள். கடைசித் தேதி என்ற ஒன்று இருப்பது தொல்லை மட்டுமல்ல, பாதுகாப்பும்தான் என்பது ஆண்டு முடிவில் கணக்கு முடிக்கும் நமக்குத் தெரியாததா?

ஆடுகளத்தில் ஒரு ஆட்டம் இரண்டரை நிமிட அளவுதான். ஒரு பக்கம் மூன்று அணி, மறுபக்கம் மூன்று அணி. முதல் சில நொடிகள் ரோபோ தானாகவே ஓடவேண்டும், பிறகு மாணவர்கள் ஓட்டலாம். வழிகாட்டி பின்னால் நின்று வாயால் சொல்லலாம். கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் தொடக்கூடாது. கல்லாவில் மகனை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கு அந்த இரண்டரை நிமிடம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வழிகாட்டிகள் எல்லோரும் பொறியாளர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். லேத் ஓட்டுபவர், எலக்ட்ரீஷியன், மென்பொருள் எழுதுபவர், ஓய்வு பெற்றவர், பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு கொண்டுவரும் தாய்மார் என்று பலதரப்பட்டவர்கள். அவர்கள் கற்றுக்கொடுப்பவையும் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் துளையிடும் யந்திரத்தின் அருகே போகாதே. கம்பி முனையை அழுத்திய பிறகு ஒரு முறை இழுத்துப் பார். (ஆடுகளத்தில் ரோபோ நடுவில் நின்றுபோகிறது என்றால் பல சமயம் காரணம் ஒரு தளர்ந்த இணைப்புதான்.) யு.பி.எஸ். பேட்டரி இனத்தைச் சேர்ந்த 12 வோல்ட் பேட்டரிதான் ரோபோவுக்கு உயிர். ஓர் அணி பல பேட்டரிகளை வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எது எப்போது சார்ஜ் ஏறியது என்று எழுதி, முறை வைத்து எடுக்கவேண்டும். பழைய சரக்கை முன்னால் வை, புதியதைப் பின்னால் வை என்று கடைப்பையனுக்கு முதல் நாளே சொல்கிறோமே, அதே பாடம்தான்.

இனி, இந்த முயற்சியில் தீராத வழக்கு ஒன்று உண்டு. ரோபோவில் பெரியவர் கை எவ்வளவு இருக்கலாம் என்பதே அது. சில அணிகளில் மாணவர்களே எல்லாம் செய்கிறார்கள். பெரியவர்கள் விபத்து நேராமல் பார்த்துக்கொள்வதோடு சரி. வேறு சில அணிகளில் நல்ல பொறியாளர் ஒருவர் வரைந்துவிடுகிறார், பிள்ளைகள் முடுக்கி மாட்டுகிறார்கள். இரண்டாவது வகை ரோபோ பார்ப்பதற்குத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் இருக்கும், வெற்றியும் பெறும். தோற்ற பிள்ளைகளுக்கு வயிற்றெரிச்சல். அமைப்பு இதில் கோடு கிழித்துச் சொல்லவில்லை. பிள்ளைகளும் தொழில் தெரிந்த பெரியவர்களும் சேர்ந்து வேலை செய்வதே நோக்கம், எவ்வளவு என்பதை அந்தந்த அணி முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவர்கள் நிலை. நல்ல வேலைக்காரர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் படிப்புதான் என்று அவர்கள் சொல்வதை நாம் மறுப்பதற்கில்லை. சரக்கைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே விலை சொல்லும் பெரியவர்கள் பக்கத்தில் நின்றுதானே நாம் எல்லோரும் சரக்கு பார்க்கப் பழகினோம்?

ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பொட்டலம் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குப் பொட்டலம் மடிக்க வராது. பத்துப் பொட்டலம் அவிழ்ந்து கொட்டினால்தான் பதினொன்றாவது நிற்கும். கொட்டிய பருப்பின் விலை முதலாளியைச் சேரும். இந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள மனம் வராதவர் வழிகாட்டியாக இருப்பதைவிட, பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது என்பது நம் கருத்து. பதினாறு வயதுப் பையன் தவறான இடத்தில் துளை போடப்போகிறான் என்று தெரிந்தும், விரலுக்கு ஆபத்து இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது பத்து ரோபோ செய்வதைவிடக் கடினம்.

அப்படி நின்ற இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளி. அங்கே ஃப்ரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரான் என்ற இரண்டு ஆசிரியர்கள் ரோபோ அணிக்கு வழிகாட்டிகளாக இருந்தார்கள். 2004இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. இது ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டி அல்ல, வேறு. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பையன்களை இந்த ஆசிரியர்கள் அழைத்துப் போனார்கள். அதுவும் பள்ளிப் பிரிவில் அல்ல, கல்லூரிப் பிரிவில் சேர்த்தார்கள். கல்லூரிக்காரர்களிடம் தோற்றால் வெட்கமில்லை அல்லவா? எதிரே நின்ற அணிகளில் ஒன்று எம்.ஐ.டி.

பையன்கள் செய்தது பி.வி.சி. குழாயில். சுமார் 800 டாலர் செலவு. குழாயை ஒட்டிய பசையின் நாற்றத்தால் அதற்கு 'ஸ்டிங்கி', அதாவது நாற்றம் பிடித்தவன், என்று பெயர் வைத்தார்கள். வெப்பம் அளக்கும் கருவி வேண்டி ஒரு விற்பனை நிறுவனத்துக்குப் போன் செய்தார்கள். எதிர்முனையில் பேசியவர் விலையைச் சொல்லி வைத்துவிடாமல், சிறுவர்கள்தானே என்று தட்டிக்கழிக்காமல், பொறுமையாக விளக்கிச் சொன்னார். கடைக்கு ஒரு ரூபாய் லாபம் தராத கேள்விகளோடு வரும் பிள்ளைகளை நாம் எப்படி நடத்துகிறோம் என்று யோசிக்க வைத்தது இந்தச் செய்தி.

போட்டிக்கு முன் ஓட்டிப் பார்த்தபோது மின்கருவிகள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. புதுப் பெட்டிக்கு நேரமில்லை. உள்ளே கசியும் நீரை உறிஞ்ச ஏதாவது வைக்கவேண்டும். மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பயன்படுத்தும் உறிஞ்சுபஞ்சு பொருத்தமாக இருக்கும் என்று ஒரு பையனுக்குத் தோன்றியது. கூச்சத்தை விட்டு மளிகைக் கடைக்குள் போய், அங்கிருந்த ஒரு பெண்மணியிடம் எது நன்றாக உறிஞ்சும் என்று கேட்டு வாங்கி வந்தான். கம்பிகளை இரவு கண்விழித்துச் சால்டரிங் செய்தவர்களும் பையன்கள்தான். நடுவர்கள் துருவித் துருவிக் கேட்டபோது பதில் சொன்னவர்களும் அவர்களே. மொத்தத்தில் முதல் பரிசு கார்ல் ஹேடன் பள்ளிக்கு, இரண்டாவது எம்.ஐ.டி.க்கு. பின்னர் இது புத்தகமாகவும், 2015இல் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அந்தப் பையன்களுக்கு அமெரிக்காவில் குடியிருக்கச் சட்டப்படியான ஆவணம் இல்லாததால், வெற்றிக்குப் பிறகும் மேற்படிப்பு எளிதாக இருக்கவில்லை. ஆசிரியர்களால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. வழிகாட்டியால் முடியாதவையும் உண்டு.

நம்மவர்கள் கவனிக்கவேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது. ஓர் அணி என்பது சிறிய கடை. நுழைவுக் கட்டணம் மட்டும் ஆறாயிரம் டாலர் அளவில் ஆகிறது. நம் பணத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேல் அலுமினியம், மோட்டார், வண்டிச் செலவு, தங்கும் செலவு. ஒரே உதிரிப்பாகத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவிடக் கூடாது என்ற வரம்பும் விதியில் உண்டு. எனவே பிள்ளைகள் ஊர்க் கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள், நேரில் போய்க் கேட்கிறார்கள், கொடுத்தவர் பெயரை ரோபோவின் மேல் ஒட்டுகிறார்கள். பட்ஜெட் போடுவது, மூன்று இடத்தில் விலை கேட்பது, பில்லைப் பத்திரப்படுத்துவது, சரக்கு வந்து சேரும் நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே ஆர்டர் போடுவது ஆகியவற்றைச் சொல்லித்தர லேத் ஓட்டத் தெரிந்தவர் போதாது. கொள்முதல் தெரிந்தவர் வேண்டும்.

போட்டி நடக்கும் இடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓர் அணிக்கு மோட்டார் எரிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னால், அடுத்த ஆட்டத்தில் எதிரே நிற்கப்போகிற அணியே தன் உபரி மோட்டாரைக் கொண்டுவந்து கொடுக்கும். முழு மூச்சாகப் போட்டியிடு, ஆனால் எதிரியை மரியாதையோடு நடத்து என்பது ஃப்ளவர்ஸ் வற்புறுத்திய கொள்கை. மண்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம்மிடம் சரக்கு தீர்ந்தால் பக்கத்துக் கடையில் இரண்டு மூட்டை கைமாற்று வாங்கிக் கொடுக்கிறோம், மறுநாள் அவருக்கும் அதே விலைக்குப் போட்டியாக நிற்கிறோம்.

தொண்டர் என்று வந்தவரையெல்லாம் அங்கே பிள்ளைகளிடம் விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவில் வழிகாட்டிகளின் பின்னணியை விசாரித்த பிறகே சேர்க்கிறார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது, இருவராவது இருக்கவேண்டும் என்பது விதி. யாரையும் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் காசோலை செல்லாது என்பது போல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆளைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடு. தன் பிள்ளை பள்ளியை முடித்ததும் பெற்றோர் விலகிவிடுகிறார். ஒரே ஆசிரியரை நம்பி நடந்த அணி, அவர் மாற்றலாகிப் போனதும் கலைந்துவிடுகிறது. இதை உணர்ந்த அணிகள் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதில்லை. கணக்குக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் திரும்பி வந்து வழிகாட்டிகளாக நிற்பதும் உண்டு. 1996 முதல் வுடி ஃப்ளவர்ஸ் பெயரில் சிறந்த வழிகாட்டிக்கு விருது தருகிறார்கள். பரிந்துரைக் கட்டுரையை எழுதுவது மாணவர்கள். 2019இல் ஃப்ளவர்ஸ் மறைந்த பிறகும் அவர் பெயரால் அது தொடர்கிறது. முதலில் கேட்ட வரவு எது என்பதற்கு அந்தக் கட்டுரைகளைத்தான் காட்டவேண்டும்.

நம் நாட்டில் இதற்கு வழியில்லை என்று எண்ணவேண்டாம். நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்காக 'அடல் டிங்கரிங் லேப்' என்ற செய்முறைக் கூடங்களைப் பள்ளிகளில் அமைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். பத்தாயிரம் அளவில் கூடங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. இவற்றுக்கும் சம்பளமில்லா வழிகாட்டிகளைச் சேர்க்கிறார்கள், வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தந்தால் போதும் என்கிறார்கள். மானியத்தில் வாங்கிய பொருள்களுக்கு இருப்புப் பதிவேடு எழுதவும், உதிரிப்பாகம் எங்கே மலிவாகவும் தரமாகவும் கிடைக்கும் என்று சொல்லவும் நம்மில் பலருக்குத் தெரியும். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் கல்லாவுக்குப் பின்னால் நின்று அவனைத் திருத்திக்கொண்டிருக்கும் அன்பர்கள், ஊரில் எந்தப் பள்ளியில் இந்தக் கூடம் இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் விசாரிக்கலாம். மகனுக்கும் சற்று நிம்மதி.