அப்ரிஷியேட் – பாராட்டா, விலையா?

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பாலிடெக்னிக் வந்த நம்மில் பலருக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். 'அப்ரிஷியேட்' என்றால் பாராட்டு. முடிந்தது கதை! ஆனால் கதை அங்கே முடியவில்லை.

இந்தச் சொல்லின் வேர் 'ப்ரீஷியம்' என்ற லத்தீன் வார்த்தை. அர்த்தம் என்ன தெரியுமா? விலை! 'அப்ரிஷியேட்' என்றால் முதலில் 'விலை மதிப்பிடு' என்றுதான் பொருள். விலையைச் சொல்லும் பிரைஸ், பரிசைச் சொல்லும் பிரைஸ், புகழ்வதைச் சொல்லும் ப்ரெய்ஸ், மூன்றும் அதே வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. சந்தைக்கடை வார்த்தைதான் மேடை ஏறிவிட்டது.

நம்ம பாடத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டிப்ரிசியேஷன் கணக்குப் போடுகிறோமே! 1,00,000 ரூபாய் லேத், ஆயுள் 10 வருடம், ஸ்கிராப் மதிப்பு 10,000 என்றால் வருடத்துக்கு 9,000 குறையும். இதற்கு எதிர்ச்சொல் அப்ரிசியேஷன். மனை விலை ஏறினால் 'தி லேண்ட் ஹேஸ் அப்ரிஷியேட்டட்' என்பார்கள். நிலத்தை யாரும் மாலை போட்டுப் பாராட்டவில்லை. மதிப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு அர்த்தம், நன்றாகப் புரிந்துகொள்வது. 'டூ யூ அப்ரிஷியேட் தி டேஞ்சர்?' என்று கேட்டால், ஆபத்து எவ்வளவு பெரியது என்று தெரிகிறதா என்று பொருள். ஆபத்தைப் பாராட்டச் சொன்னதாக நினைத்து சிரித்துவிடாதீர்கள்!

ஆளைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஃபோர்மேன் அப்ரிஷியேட்டட் மை வொர்க்' என்றால் நம் ஊரில் வாய்விட்டுப் பாராட்டினார் என்று எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்துக்காரர் காதில் அது 'என் வேலையின் மதிப்பை உணர்ந்தார்' என்றே விழும். வாய் திறந்தாரா இல்லையா என்பது அதில் இல்லை. அதற்குத்தான் ப்ரெய்ஸ் தனியாக இருக்கிறது. என்னைக் கேட்டால் அப்ரிஷியேட்டுக்குச் சரியான தமிழ் 'மதித்தல்'. விலையையும் மதிக்கிறோம், ஆளையும் மதிக்கிறோம். எவ்வளவு பொருத்தம்!

என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். 22 வருடம் உழைத்த மில்லை மூடியபோது கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். டிரங்குப் பெட்டியில் கிடந்த அதை நான் முதல் வருடம் சேர்ந்த பிறகுதான் வீட்டில் ஒருவர் படித்துச் சொன்னது. 'வீ அப்ரிஷியேட் யுவர் சர்வீஸ்.' "பாராட்டுனாங்க, சரிப்பா. கிராஜுவிட்டி எப்பன்னு போட்டிருக்கா?" என்றார். போடவில்லை. அந்த ஒரு வரிதான். இந்தச் சொல்லை அகராதியில் தேட வைத்ததே அந்தக் காகிதம்தான். விலை என்ற வேரைப் பார்த்தபோது அப்பாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

கடைசியாக, அடுத்த மாதம் வேலைக்கு விண்ணப்பம் எழுதப்போகிற இறுதியாண்டு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு விஷயம். 'ஐ உட் அப்ரிஷியேட் இஃப் யூ' என்று எழுதாதீர்கள். நடுவில் ஒரு 'இட்' வேண்டும். 'ஐ உட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் ரிப்ளை.' மதிப்பு ஏறுவதைச் சொல்லும்போது மட்டும்தான் பின்னால் எதுவும் வேண்டாம். நன்றியோ மதிப்போ சொல்லும்போது எதை என்று சொல்லியே ஆக வேண்டும்.