திரையில் தமிழ் தடுமாறினால்...

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. காடுகளைத் திருத்தவும் கொழுந்து பறிக்கவும் தேயிலை ஆலைகளில் உழைக்கவும் தமிழர் பலர் இம்மலைக்கு வந்தனர். அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளில் பெரும்பாலானவை ஏட்டில் எழுதப்படாதவை. முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்பவை.

அத்தோட்டங்களுள் ஒன்றில் வாழும் மாணவி ஒருத்தி, தன் பாட்டி கூறும் பழைய நினைவுகளைக் கணினியில் தட்டச்சு செய்து வருகிறாள் என வைத்துக்கொள்வோம். அவளிடம் இருப்பது பழைய மடிக்கணினி. ஆதலால், இலவசமாகக் கிடைப்பதும் குறைந்த நினைவகத்தில் இயங்கக்கூடியதுமான லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவியிருக்கிறாள். ஒரு நாள் கோப்பைத் திறந்தால், தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிகின்றன. மறுநாள் திரையே கறுத்துவிடுகிறது. பாட்டியின் கதை அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் அழிந்திருக்காது. எனினும், பதற்றத்தில் வன்தட்டை முழுவதும் துடைத்துவிட்டு இயங்குதளத்தை மீண்டும் நிறுவினால், கதை உண்மையாகவே அழிந்துபோகும். ஆகவே, குறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

கணினி, எழுத்துகளை வடிவங்களாகச் சேமிப்பதில்லை; எண்களாகவே சேமிக்கிறது. 1980களிலும் 1990களிலும் வந்த தமிழ் எழுத்துருக்கள் பல, தமக்கெனத் தனித்தனிக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. அதனால், ஓர் எழுத்துருவில் எழுதியதை வேறோர் எழுத்துருவில் படிக்க இயலாத நிலை இருந்தது. அக்காலத்தில், 1985ஆம் ஆண்டு, நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர், 1991இல் வெளிவந்த யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, தமிழுக்கென 128 இடங்களைக் கொண்ட தனிப்பகுதியை ஒதுக்கியது. இன்று எல்லா முதன்மை இயங்குதளங்களும் அதனைப் பின்பற்றுகின்றன.

‘கொழுந்து’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அதில் நான்கு எழுத்துகள் உள்ளன. கணினிக்கோ எட்டு எண்கள் உள்ளன. ‘கொ’ என்பது, ககரத்திற்குரிய 2965, ஒகரக் குறிக்குரிய 3018 ஆகிய இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒகரக் குறியின் ஒரு பாதியை இடப்பக்கமும் மறு பாதியை வலப்பக்கமும் பிரித்துப் போடுவது வேறொரு மென்பொருளின் வேலையாகும்.

ஆக, எண்கள் எழுத்தாகித் திரைக்கு வர மூன்று நிலைகளைக் கடக்கின்றன. முதலாவது, வடிவங்களைத் தரும் எழுத்துரு. இரண்டாவது, அவ்வடிவங்களை ஒழுங்காக அடுக்கும் எழுத்தமைப்பு மென்பொருள். லினக்சில் இப்பணியைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருள் செய்கிறது. மூன்றாவது, கணினியின் வரைகலைச் சில்லை இயக்கித் திரையில் படம் தோன்றச் செய்யும் வரைகலை இயக்கி. ஒவ்வொரு நிலையிலும் ஏற்படும் குறைக்குத் தனித்தனி அடையாளம் உண்டு.

ஆங்கிலமும் படங்களும் நன்றாகத் தெரிந்து, தமிழ் மட்டும் கட்டங்களாகத் தோன்றினால், கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பது பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்களுள் ஒன்றை மென்பொருள் நிலையத்திலிருந்து நிறுவிவிட்டு, செயலியை மூடித் திறந்தால் போதும். இத்தகைய வெற்றுக் கட்டங்களை ஆங்கிலத்தில் ‘டோஃபு’ என்பர். கட்டங்களே இல்லாத நிலையை உருவாக்க வேண்டும் என்ற நோக்கத்தால்தான் கூகுள் தன் எழுத்துருவுக்கு ‘நோட்டோ’ எனப் பெயரிட்டது.

எழுத்துகள் தெரிந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், குறை எழுத்தமைப்பில் இருக்கிறது. அதே கோப்பை வேறு செயலியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே சரியாகத் தெரிந்தால், முதல் செயலி பழையது என்று அறியலாம். அதனைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாச் செயலிகளிலும் தவறாகவே தெரிந்தால், எழுத்துருவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

தமிழ், ஆங்கிலம், படம் என அனைத்துமே சிதறினாலோ, திரை உறைந்தாலோ, கறுத்தாலோ, வரைகலை இயக்கியை ஐயுறலாம். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான இயக்கிகள் பொதுவாக லினக்சின் கருப்பகுதியான கெர்னலுடனேயே வருகின்றன. என்விடியா நிறுவனம் வழங்கும் இயக்கியோ பெரும்பாலும் தனியாக நிறுவப்படுகிறது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அவ்வியக்கியும் அதற்கேற்ப மாற வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் திரை வராது.

அவ்வாறு நேர்ந்தால், கணினி தொடங்கும்போது வரும் தெரிவுப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில கணினிகளில் ஷிப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால்தான் அப்பட்டியல் தோன்றும். பழைய கெர்னலில் திரை சரியாக வந்தால், புதுப்பிப்பே காரணம் என்பது தெளிவாகும். பழைய கெர்னலும் உதவவில்லையெனில், ‘நோமோட்செட்’ என்னும் தெரிவைச் சேர்த்துத் தொடங்கலாம். அப்போது கணினி எளிய காட்சி முறையில் இயங்கும். வேகம் குறையலாம், ஆனால், கோப்புகளை எடுக்கவும் இயக்கியை மீண்டும் நிறுவவும் வழி பிறக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வரைகலைத் திரை வராதபோது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால், வெறும் எழுத்துகள் மட்டும் தோன்றும் கட்டளைத் திரை வரும். அத்திரை அதிகமாக 512 வடிவங்களையே கையாளும். தமிழ்க் குறிகளை அடுக்கும் திறன் அதற்கு இல்லை. எனவே, பாட்டியின் கதைக் கோப்புக்குத் தமிழில் பெயரிட்டிருந்தால், அப்பெயர் அங்கே கட்டங்களாகவோ பொருளற்ற குறிகளாகவோ தெரியும். இதைக் கண்டு, ‘கோப்பு கெட்டுவிட்டது’ என எண்ணி அழித்துவிடக் கூடாது. அந்தத் திரைக்குத் தமிழ் தெரியவில்லை. கோப்பில் தமிழ் அப்படியே இருக்கிறது.

பழுது நீக்குவோர் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். முதலில், கோப்புகளை விரலியில் படியெடுத்து வைக்க வேண்டும். அடுத்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், குறையைத் தீர்த்தது எது என்பது தெரியாமல் போகும். மூன்றாவதாக, செய்ததையும் கண்டதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே எழுதி வைத்தால், பிறரிடம் உதவி கேட்பதும் எளிதாகும்.

வாடிய செடியைக் கண்டவுடன் யாரும் அதைப் பிடுங்கி எறிவதில்லை. இலையில் நோயா, வேரில் நோயா, மண்ணில் ஈரமில்லையா என்று பார்த்த பிறகே மருந்திடுவர். கணினிக்கும் அதே பொறுமை வேண்டும். கட்டங்களுக்குப் பின்னால் ‘கொழுந்து’ என்னும் சொல் எட்டு எண்களாகப் பத்திரமாக இருக்கிறது. அதைத் திரைக்கு மீட்டுக்கொண்டுவரத் தெரிந்த மாணவி, தன் பாட்டியின் கதையையும் காப்பாற்றுகிறாள்.