இரண்டு மின்கலங்கள், ஒரு தீக்காயம்: வீட்டில் கோக்கப்படும் மின்சிகரெட்டைப் பற்றிக் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

மின்சிகரெட் என்றதும் நிகோடினும் நுரையீரலும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அக்கருவியின் அடிப்பகுதியில் இருக்கும் மின்கலங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நுரையீரலுக்கு நேரும் தீங்கு மெல்ல வளர்வது. மின்கலத்தால் நேரும் தீங்கு சில நொடிகளில் முடிந்துவிடுவது. கருவியைத் தாமே கோத்துக்கொள்பவர்களிடமும், இரண்டு மின்கலங்களை இணைத்துப் பயன்படுத்துபவர்களிடமும் இந்த இடர் கூடுகிறது. அதன் காரணத்தையும், காயம் பட்டால் செய்ய வேண்டியதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இக்காயங்கள் எங்கே ஏற்படுகின்றன?

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஹார்பர்வியூ மருத்துவ மையத்தின் மருத்துவர்கள், 2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை மின்சிகரெட் வெடித்துக் காயமுற்று வந்த 15 பேரைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொடையிலோ இடுப்புக்குக் கீழோ காயம் இருந்தது. மூன்றில் ஒருவருக்குக் கையிலும், ஐந்தில் ஒருவருக்கு முகத்திலும் காயம். தீப்புண்ணுடன் மூன்றில் ஒருவருக்கு வேதிப்பொருளால் உண்டான புண்ணும் இருந்தது. 2018இல் ஃபுளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் இத்தகைய வெடிப்பால் ஒவ்வோர் உயிர் பிரிந்தது.

இந்தியாவில் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் ஆகியவை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. ஆயினும், மறைவாக வரும் கருவிகளுக்கு உரிய மின்கலம் கிடைப்பது அரிதன்று. டார்ச் விளக்கிலும், பவர் பேங்கிலும், பழைய மடிக்கணினியின் பேட்டரியிலும் இருப்பது பெரும்பாலும் அதே வகை லித்தியம் அயனி மின்கலமே. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளையை 18650 என்று அழைப்பர். முழுமையாக மின்னேற்றிய நிலையில் அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்.

இணைப்பு மாறினால் சுமை மாறும்

மின்சிகரெட்டில் ஒரு கம்பிச்சுருள் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. ஆவி மிகுதியாக வர வேண்டும் என்று விரும்புவோர் இரண்டு மின்கலங்களைப் பொருத்துகின்றனர். பள்ளி இயற்பியலில் நாம் படித்த தொடரிணைப்பும் பக்க இணைப்பும்தான் அதற்குரிய இரு வழிகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரு கருவிகளும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே நிகழ்வது முற்றிலும் வேறு.

0.3 ஓம் மின்தடை உள்ள ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். ஒரே மின்கலத்துடன் இணைத்தால் அதில் 14 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் அந்த 14 ஆம்பியரை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றின் சுமை 7 ஆம்பியர். அதே இரண்டைத் தொடரிணைப்பில் வைத்தால் மின்னழுத்தம் 8.4 வோல்ட் ஆகிறது. அப்போது 28 ஆம்பியர் மின்னோட்டம் இரு மின்கலங்களின் வழியாகவும் முழுமையாகச் செல்ல வேண்டும். தொடர்ந்து 20 ஆம்பியர் தருவதற்கென வடிவமைக்கப்பட்ட தரமான மின்கலத்திற்கே இது எல்லை மீறிய சுமை. பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த மின்கலம் அந்த 20 ஆம்பியரைக்கூடத் தாங்காது.

சமமில்லாத இணை

வலிமை குன்றிய மாட்டையும் வலிமை மிக்க மாட்டையும் ஒரே நுகத்தடியில் பூட்டினால் வண்டி நேராகச் செல்லாது என்பதை உழவர் அறிவர். இரட்டை மின்கலங்களும் அப்படித்தான். ஒன்று புதியது, மற்றொன்று பழையது என்றாலோ, இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் தயாரிப்பு என்றாலோ, தொடரிணைப்பில் வலிமை குன்றியது முதலில் தீர்ந்துபோகும். ஆனால் மற்றொன்று மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். தீர்ந்துபோன மின்கலம் எதிர்த்திசையில் மின்னேற்றப்பட்டு உள்ளுக்குள் சிதையும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமலே இது நிகழக்கூடும்.

பக்க இணைப்பில் இடர் வேறு வகையானது. நீர் மட்டம் வேறுபட்ட இரு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு நீர் பாய்வதுபோல, 4.2 வோல்ட் மின்கலத்திலிருந்து 3.2 வோல்ட் மின்கலத்திற்கு மின்சாரம் பாயும். இரண்டின் உள் மின்தடையும் சேர்ந்து 0.05 ஓம் என்று கொண்டால், கருவியை இயக்காத நிலையிலும் தொடக்கத்தில் 20 ஆம்பியர் பாய்கிறது. மின்கலத்தை மின்னேற்றுவதற்கு உரிய அளவைக் காட்டிலும் இது பல மடங்கு அதிகம். இரண்டில் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டாலோ, இரண்டும் ஒன்றையொன்று நேரடியாகக் குறுக்குச்சுற்றில் தள்ளிவிடும்.

இதனால்தான் இப்பழக்கத்தில் தேர்ந்தவர்கள் இரண்டு மின்கலங்களை ஒன்றாக வாங்கி, ஒன்றாக மின்னேற்றி, ஒன்றாகவே கழித்துவிடுகின்றனர். இம்முறை இடரைக் குறைக்கும், நீக்காது.

மின்னணுப் பலகை உள்ள கருவிகளிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் 150 வாட் என்று அமைத்துவிட்டால், மின்கலம் எந்த நிலையில் இருந்தாலும் கருவி அந்த ஆற்றலைத் தர முயலும். தொடரிணைப்பில் மின்கலங்கள் நிறைந்திருக்கும்போது அதற்கு ஏறத்தாழ 18 ஆம்பியர் போதும். இரண்டும் சேர்ந்து 6.4 வோல்ட்டாகக் குறையும்போது 23 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். மின்கலம் களைத்திருக்கும் நேரத்தில்தான் அதன் சுமை உச்சத்தை அடைகிறது. எந்தப் பாதுகாப்புச் சுற்றும் இல்லாத வெறும் உலோகக்குழாய்க் கருவிகளில் இதைத் தடுத்து நிறுத்த ஏதுமில்லை.

மின்கலம் ஏன் வெடிக்கிறது?

மின்கலத்தினுள் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் மெல்லிய நெகிழிப் படலம் ஒன்று பிரித்து வைக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸைக் கடந்தால் அப்படலம் உருகத் தொடங்கும். தகடுகள் ஒன்றையொன்று தொட, வெப்பம் மேலும் பெருகும். பெருகிய வெப்பமே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். உள்ளிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. நேர்முனைப் பொருள் சிதையும்போது ஆக்சிஜனையும் வெளியிடுகிறது. எனவே துணியால் மூடி இத்தீயை அணைத்துவிட முடியாது. வெளியேறும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் இருக்கக்கூடும்.

தொடைக் காயங்கள் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் கால்சட்டைப் பைதான். 18650 மின்கலத்தின் உலோக உறை முழுவதும் எதிர்முனை. மேலே உள்ள நேர்முனையை அதிலிருந்து பிரிப்பவை ஒரு சிறு வளையமும் மெல்லிய நெகிழி உறையும் மட்டுமே. உறை சற்றுக் கிழிந்திருந்து, பையில் சாவியோ நாணயமோ கிடந்தால் போதும். இரு முனைகளும் இணைந்துவிடும்.

காயம் பட்டால் உடனே செய்ய வேண்டியவை

• புகையிலிருந்து விலகித் திறந்த வெளிக்கு வாருங்கள். சீறும், உப்பும், புகையும் கருவியைக் கையால் எடுக்காதீர்கள்.

• எரியும் அல்லது திரவம் படிந்த உடையைக் களையுங்கள். தோலில் ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல் சுற்றிலும் வெட்டிவிடுங்கள். மோதிரம், கடிகாரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள்.

• தோலில் கருந்துகள்கள் இருந்தால் உலர்ந்த துணியால் தட்டி நீக்கிவிட்டு, குழாய் நீரை 20 நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் இமையைத் திறந்து பிடித்து அதேபோல் கழுவுங்கள்.

• பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், நெய், பனிக்கட்டி எதையும் வைக்காதீர்கள். தூய, ஒட்டாத துணியால் தளர்வாக மூடுங்கள்.

• முகத்தில் காயம், குரல் கரகரப்பு, மூச்சுத்திணறல், வாயில் கரி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் தாமதமின்றி 108ஐ அழையுங்கள். மூச்சுக்குழாய் பின்னர் வீங்கக்கூடும்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

இக்கட்டுரையில் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுவே. தடை செய்யப்பட்ட பொருள் என்ற அச்சத்தாலும், பெற்றோர் அறிந்துவிடுவர் என்ற வெட்கத்தாலும் சிலர் “அடுப்பில் சுட்டது”, “கைப்பேசி வெடித்தது” என்று சொல்ல நேரிடலாம். சாதாரணத் தீப்புண் என்று எண்ணினால் காயத்தில் தங்கியிருக்கும் காரமும் அமிலமும் கவனத்திலிருந்து தப்பிவிடும். அவை தோலின் ஆழத்தை அரித்துக்கொண்டே செல்லும். காரணம் தெரிந்தால் காயத்தின் அமில, காரத் தன்மையைச் சிறு தாள் ஒன்றால் உடனே சோதிக்கலாம். தேவையெனில் மீண்டும் கழுவலாம். ஃபுளோரைடு பாதிப்புக்கு உரிய கால்சியம் மருந்தைத் தொடங்கலாம். சிறியதாகத் தோன்றும் புண்ணுக்கும் தோல் ஒட்டு அறுவை தேவைப்படுவதுண்டு. “மின்கலம் வெடித்தது, இத்தனை மணிக்கு, கருவி சட்டைப்பையில் இருந்தது” என்ற மூன்று செய்திகள் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியவை.

வீட்டில் இத்தகைய கருவியைக் கண்டால்

பிள்ளையின் மேசையில் கம்பிச்சுருளும் உருளை மின்கலங்களும் கிடப்பதைக் காணும் பெற்றோர் அதிர்வது இயல்பு. கடிந்துரைத்தால் கருவி வேறிடத்திற்கு மறையும். ஒருவேளை தலையணைக்கு அடியில். முதலில் அமைதியாகக் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள மின்கலங்களைக் கருவியிலிருந்து எடுத்து, இரு முனைகளிலும் மின்காப்பு நாடாவை ஒட்டி, தனித்தனியே நெகிழிப் பெட்டியில் வைக்கலாம். உறை கிழிந்தவற்றையும் நசுங்கியவற்றையும் மீண்டும் மின்னேற்றாதீர்கள். உப்பியிருந்தால், எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கித் திறந்த வெளியில் வையுங்கள். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறும் நோயாளி இருந்தால், அந்த அறைக்குள் மின்சிகரெட்டை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. ஆக்சிஜன் ஊறிய படுக்கைவிரிப்பில் ஒரு பொறி பட்டாலும் தீ மிக வேகமாகப் பரவும்.

மின்கலத்தை அகற்றுவது எளிது. நிகோடின் பழக்கத்தை விடுவது கடினம் என்பதை நாங்கள் அறிவோம். 1800 112 356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது உங்கள் மருத்துவரிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வந்தால் இன்னும் நல்லது.