சிறுநீரகக் கல்: வீட்டில் என்ன செய்யலாம்?

பூந்தமல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? நிரம்பினால் 24 அடி ஆழம் நிற்கும் இந்த ஏரி, 2019 கோடையில் அநேகமாக வறண்டே போயிற்று. வெயிலில் ஏரி வற்றும்போது ஆவியாவது நீர் மட்டும்தான். அதில் கரைந்துள்ள உப்புகள் தங்கிவிடுகின்றன. எஞ்சிய நீரில் உப்பின் செறிவு கூடுகிறது. வியர்வை கொட்ட உழைத்துவிட்டு, போதிய தண்ணீர் குடிக்காதவருடைய சிறுநீரிலும் உப்பின் செறிவு இப்படித்தான் கூடுகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில், இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கரையுங்கள். தெளிந்த கரைசலைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் குறையக் குறைய உப்புப் படிகங்கள் தோன்றும். சிறுநீரகத்தில் இவ்வாறு படிபவை பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அவை ஒன்றுசேர்ந்து வளர்ந்தால் கல்!

கல் சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டால், பின்னால் சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறும். விலாவிலிருந்து அடிவயிறு வரை பரவும் கடும் வலிக்கு இதுவே காரணம். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். அதுவரை மருத்துவர் தந்த வலி மருந்தும் வழக்கமான அளவு தண்ணீரும் போதும். வலிக்கும்போது குடம் குடமாகக் குடிப்பதால் கல் விரைந்து விழாது. சிறுநீரை வடிகட்டிக் கல்லை எடுத்து வைத்தால், அது எவ்வகை என்று ஆய்வுக்கூடத்தில் கண்டறியலாம்.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா? கால்சியம் கல்லை அது கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பாலை நிறுத்துவதும் தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. குறைக்க வேண்டியது உப்பைத்தான். ஊறுகாயும் அப்பளமும் அளவோடு இருக்கட்டும்.

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் அடைபட்டாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒருமுறை கல் வந்தவர், நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது நல்லது. பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காத மாணவ மாணவியர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். கழிப்பறை தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஆசிரியரிடமும் கேளுங்கள். கல்லைத் தடுக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.