தீவுப் பாம்புக்குத் தீவுக் குறிப்பு

இந்தியா முழுவதும் பாம்புக்கடிக்குக் கொடுப்பது ஒரே விஷமுறிவு மருந்துதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். குப்பியின் லேபிளைப் பார்த்தாலே தெரியும்: ஒரு மில்லி மருந்து நல்லபாம்பு நஞ்சு 0.6 மி.கி., கட்டுவிரியன் நஞ்சு 0.45 மி.கி. முறிக்கும் என்று போட்டிருக்கும். அந்தமான் நல்லபாம்பும் அந்தமான் கட்டுவிரியனும் தனி இனங்கள். அவற்றுக்கு அந்த லேபிளில் இடமில்லை. இடம்பெற்ற கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனுமோ அந்தமானிலேயே கிடையாது. ஆகவே பெருநிலத்துக்கு எழுதிய அவசரக் குறிப்பை அப்படியே தீவு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினால் போதாது. இங்கே அதன் முதல் வரி மூச்சைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு தீவுப் பாம்புகளின் நஞ்சும் நரம்பைத் தாக்கும். இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க வராது. கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். உயிர் போவது அங்கேதான். கையால் அழுத்தும் காற்றுப் பையாலோ வெண்டிலேட்டராலோ விடாமல் மூச்சுக் கொடுத்தால், நாளடைவில் தசை மீண்டுவிடும். அதனால் ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று நோயாளியை அடிக்கடி சோதிக்க வேண்டும். பெரியவர்களுக்கு அட்ரோபின் 0.6 மி.கி., அதையடுத்து நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. போட்டுப் பார்க்கலாம்; ஆனால் கட்டுவிரியன் கடிக்கு அது பெரிதாக உதவாது. அப்படியானால் விஷமுறிவு மருந்தே வேண்டாமா? வேண்டும். உறவுள்ள இனங்கள் என்பதால் ஓரளவு பலன் கிடைக்கலாம். நஞ்சேறிய அறிகுறி கண்டால், அட்ரினலினை ஊசியில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு 10 குப்பி ஏற்றலாம். குழந்தைக்கும் அதே அளவுதான். மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருந்து மூச்சைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

'சின்ன ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் ஏது, போர்ட் பிளேருக்கு அனுப்புவதே நல்லது' என்பார்கள். அனுப்பத்தான் வேண்டும். ஆனால் வட அந்தமானின் டிக்லிபூரிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 300 கி.மீ.; நடுவில் ஜாரவா பழங்குடிக் காப்பகத்தைச் சாதாரணமாகக் கான்வாயில்தான் கடக்க முடியும், நீரிணையில் வாகனப் படகும் ஏற வேண்டும். மூச்சுக்கு ஏற்பாடு செய்யாமல் அனுப்புவது சிகிச்சையாகாது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிர் காக்கும் முதல் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. உறவினர்களே, கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை இழக்காதீர்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும்முன் கேளுங்கள்: காற்றுப் பையை அழுத்த உடன் வருவது யார்? கடித்த நேரமும், மருந்து ஏற்றிய நேரமும், எத்தனை குப்பி என்பதும் சீட்டில் எழுதியாயிற்றா?